எதிர்ச்சுற்று

சாவி கொடுத்தால் அந்தப் படப்பெட்டி கிறுகிறுவென்று சுற்றும். உள்ளே வரிசையாக ஒட்டிய படங்களை இடுக்கு வழியாகப் பார்த்தால், தொப்பியும் மீசையுமாக ஒருவர் கதவைத் திறந்து வீட்டுக்குள் வருவார். வந்துகொண்டே இருப்பார்.

"நல்லாத்தானே ஓடுது? என்ன ரிப்பேர்?" என்றார் கடைக்காரர்.

"எதிர்ப்பக்கமா சுத்தணும்."

"அப்படிச் சுத்தினா, வர்றவரு பின்பக்கமாவே நடந்து வெளியே போயிடுவாரும்மா."

"போகட்டும்." பெட்டியைக் கொண்டுவந்த பெண்ணின் குரலில் உப்புமில்லை, உறைப்புமில்லை.

"யாரு இவரு?"

"வீட்டுக்காரர்."

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. போய்ச் சேர்ந்த மனுஷன் தினமும் வாசலில் வந்து நின்றால் எந்தப் பெண்தான் தாங்குவாள்? மறுபேச்சில்லாமல் பல்சக்கரத்தை மாற்றிப் போட்டு, சாவி கொடுத்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். கண்ணை எடுக்கவே இல்லை.

"எப்பம்மா தவறினாரு?"

அவள் வாய் திறக்குமுன் கடைக்கதவு திறந்தது. அதே தொப்பி. அதே மீசை.

"ஒரு பொம்மையை ரிப்பேர் பண்ண இவ்வளவு நேரமா? எந்திரிடி."

அவள் சட்டைக் கையை இழுத்து, கன்றிப்போன மணிக்கட்டை மூடிக்கொண்டு எழுந்தாள்.

பெட்டிக்குள் மட்டும், சாவி தீரும்வரை, அவர் வெளியே போய்க்கொண்டே இருந்தார்.