முத்திரை விழுந்த நாள்

ரேஷன் கடைத் தராசு, எடைக்கற்களைச் சோதிக்க வருஷத்துக்கு ஒரு முறை வரும் முத்திரை ஆபீஸ் கல்லுக்காகத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தது. கடையின் இரண்டு கிலோ எடைக்கல்லுக்கு அடியில் இருந்த ஈயத்தை யாரோ தோண்டி எடுத்திருந்தார்கள். சித்தாள் வேலை பார்க்கும் சொர்ணத்தம்மாளின் கைக்கு எடை தெரியும். "அரிசி குறையுதே" என்று மாசாமாசம் முனகிக்கொண்டே போவாள்.

"இன்னைக்கு மாட்டிக்குவே பாரு," என்றது தராசு.

"பார்க்கலாம்ணே," என்றது கடைக்கல்.

ஆய்வாளர் வந்தார். ஆபீஸ் கல்லை ஒரு தட்டிலும் கடைக்கல்லை மறு தட்டிலும் வைத்தார். முள் நடுவில் போய் நின்றது.

தராசு திகைத்துப்போனது. "நீங்களுமா சார்?"

"நானும் முழு எடையோட இருந்தவன்தான்பா," என்றது ஆபீஸ் கல் அலுப்போடு. "போன வருஷம் எந்தக் கடைக்குப் போனாலும் கல்லு குறையுதுன்னு காட்டினேன். என்னால தொந்தரவுன்னு கடைக்காரங்க மேலிடத்துக்கு மனு போட்டாங்க. என் ஈயத்தையும் எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு கடையிலயும் தப்பே இல்லை."

"அப்போ அரிசி?"

"நான் அரிசியை நிறுக்க வரலியே. கல்லைத்தானே நிறுக்க வந்தேன்."

ஆய்வாளர் கடைக்கல்லுக்கு முத்திரை குத்தினார். முள் ஆடாமல் நின்றதற்காகத் தராசுக்கும் ஒன்று குத்தினார்.

மறுநாள் சொர்ணத்தம்மாள் பையைத் தூக்கிப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போனவள், பளபளத்த புது முத்திரையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"என் கைக்குத்தான் எடை மறந்துபோச்சு போல," என்று சொல்லிவிட்டுப் போனாள்.