சுவரில் மூன்று எண்கள்

என் மனைவி மரகதவல்லி ஒரே நேரத்தில் மூன்று நாவல் எழுதுகிறாள். வாயால் சொன்னாலே போதும்; எந்த வரி எந்த நாவலுக்கு என்று வீட்டுக் கணினியே பிரித்து எழுதி, அன்றைய வார்த்தைக் கணக்கைச் சுவரில் ஏற்றிவிடும்.

போன மாதம் அடுத்த அறையிலிருந்து, "உங்களை விட்டுப் போறேன்" என்றாள். பதறி ஓடினேன். சுவரில் இரண்டாவது நாவலுக்கு மூன்று வார்த்தை கூடியிருந்தது. அன்றிலிருந்து அவள் எது சொன்னாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன்.

இன்று காலை நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏங்க, நமக்குக் குழந்தை பிறக்கப்போகுது!"

எட்டு வருஷமாகக் காத்திருந்த வாக்கியம். திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

பார்த்தேன். சுவரில் மூன்று எண்களும் அசையவே இல்லை.

"அடியேய்!" என்று கத்தியபடி தோசைக்கரண்டியோடு அவளைக் கட்டிக்கொண்டேன்.