காலையில் வந்த செய்தி

சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் பள்ளிப் பேருந்து நின்றுவிட்டது.

இடது பக்கம் போனால் பாலத்தைத் தாண்டி ஊர். வலது பக்கம் மலையைச் சுற்றிக்கொண்டு கெல்டன் என்ற அடுத்த ஊருக்குப் போகும். வானம் பழுப்பேறிக் கிடந்தது. காட்டுத்தீ எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை.

ஏரி முகாமிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். முகாமில் சிக்னல் கிடையாது. இங்கே வந்ததும் எல்லாக் கைப்பேசிகளும் ஒன்றாக அலறத் தொடங்கின.

"பாலத்துல தீயாம்!"

"போடா, கெல்டன் ரோடுதான் எரியுது. படமே வந்திருக்கு."

"எங்கப்பா நேரா வீட்டுக்கு வரச் சொல்றாரு மிஸ்!"

செய்திகள் வந்தன, அழைப்புகள் போகவில்லை. பிள்ளைகளோடு வந்திருந்த லொரெய்ன் ஓர் எண்ணை மறுபடியும் மறுபடியும் அழுத்திப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கீழே இறக்கினாள்.

ஓட்டுநர் வெண்டல் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டேயிருந்தார். அவர் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம்.

"சீக்கிரம் சொல்லுங்க டீச்சர். இங்கயே நின்னா ரெண்டு வழியும் போயிடும்."

லொரெய்ன் பள்ளியின் நூலகர். இணையத்தில் வருவதில் எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம் என்று வாரத்தில் ஒரு வகுப்பு இதே பிள்ளைகளுக்கு எடுப்பவள். அந்த வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் மேசைக்கு அடியில் விளையாடுவார்கள்.

அவள் பையைத் துழாவி வெள்ளைப் பலகைப் பேனாவை எடுத்தாள். ஜன்னல் கண்ணாடியில் இரண்டு கோடு இழுத்து, மூன்று கட்டத்துக்கும் தலைப்பு எழுதினாள். பார்த்தது. கேட்டது. பழையது.

"கத்தாதீங்க. ஒவ்வொருத்தரா படிங்க. யார் சொன்னது, எப்ப சொன்னது, அவங்க கண்ணால பார்த்தாங்களா. ப்ரையனா, நீ எழுது."

ப்ரையனா பேனாவை வாங்கிக்கொண்டு ஜன்னலருகே வந்தாள்.

கெல்டன் சாலை எரிகிற படத்தை ப்ரையனாவே தேடிப் பார்த்தாள். போன வருடம் வேறு மாகாணத்தில் எடுத்தது. நூறு பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். கண்ணாடியில் அதற்கு இடமே தரவில்லை.

அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் காலைக்குப் பிறகு ஒன்றும் ஏறவில்லை. பழையது.

நேராக வீட்டுக்கு வரச் சொன்னது கோல்டன் என்ற பையனுடைய அப்பா; பாலம் நன்றாயிருக்கிறதென்று அவருக்குச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரராம். கேட்டது.

"எங்கப்பாவையே நம்ப மாட்டீங்களா?" கோல்டன் இருக்கையை உதைத்தான்.

ஒரு பெண்ணின் சித்தப்பா பையன் லாரியில் இப்போதுதான் கெல்டன் மலைச்சாலை வழியாக இறங்கியிருந்தான். வழியெல்லாம் புகை, தீ இல்லை என்று படத்தோடு அனுப்பியிருந்தான். பார்த்தது.

அடுத்து வந்தது ரஸ்டியின் காணொளி. பாலத்தின் இரு கரையிலும் மரங்கள் எரிந்துகொண்டிருந்தன.

பேருந்தே சிரித்தது. காட்டில் குரங்கு மனிதனைப் பார்த்ததாக மாதம் ஒரு படம் போடுகிற ஆள் ரஸ்டி.

"அந்தப் புளுகனையா மிஸ்?"

"ஆளை விடு. வீடியோவைப் பாரு."

கோல்டன் எழுந்து வந்து குனிந்து பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது.

"பாலத்தோட நிழலைப் பாருங்க மிஸ். மத்தியானத்துக்கு மேலதான் அந்தப் பக்கம் விழும். நான் அங்கதான் மீன் பிடிப்பேன். இதுக்கு முன்ன அங்க தீயே பிடிச்சதில்ல. இது இன்னிக்கு எடுத்தது, இப்ப எடுத்தது."

லொரெய்ன் அவன் கையிலிருந்த கைப்பேசியின் மேல் குனிந்தாள். "இன்னொரு தடவை போடு." பார்த்தாள். "இன்னொரு தடவை."

"அதான் தெரிஞ்சிடுச்சே மிஸ்," என்றாள் ப்ரையனா.

லொரெய்ன் தன் கைப்பேசியை எடுத்தாள். "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. படிக்கிறேன். 'பாலத்துலதான் நிக்கிறேன். ரோடு நல்லா இருக்கு. பயப்படாம ஊருக்கு வந்துடுங்க.'"

வெண்டல் சட்டென்று திரும்பினார். "பின்ன என்ன டீச்சர்? அங்கயே நிக்கிற ஆள் சொல்றாருல்ல!"

"யார் மிஸ் அனுப்பினது?" ப்ரையனா கேட்டாள்.

"தீயணைப்புல இருக்கிறவர்."

"கண்ணால பார்த்தவர். சரி. எப்ப அனுப்பினார்?"

"காலையில."

"அதுக்கப்புறம்?"

"ஒண்ணும் வரல."

ப்ரையனா பேனாவோடு நின்றாள். ஆசிரியையின் முகத்தைப் பார்த்தாள். அதில் எந்தக் குறிப்பும் கிடைக்கவில்லை.

"அப்ப பழசு மிஸ்," என்று சொல்லி எழுதினாள்.

லொரெய்ன் கைப்பேசியைப் பையில் போட்டாள்.

"வலது பக்கம் திருப்புங்க வெண்டல்."

வெண்டல் முனகினார். ஆனால் திருப்பினார்.

மலை முழுக்கப் புகை. விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துதான் போக முடிந்தது. தீக்குத் தப்பியவர்களைத் தங்கவைத்திருந்த கெல்டன் பனிச்சறுக்கு அரங்கின் வாசலில் இறங்கியபோதுதான், பாலம் பிற்பகலிலேயே எரிந்து விழுந்துவிட்டதென்று சொன்னார்கள். வெண்டல் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஊர்க்காரர்கள் தெற்கு வழியாக வெளியேறிவிட்டார்கள் என்ற சேதியும் வந்தது. பிள்ளைகள் அழுதுகொண்டே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

மீட்புக் குழுவின் ஆரஞ்சு மேலங்கி போட்ட பெண் ஒருத்தி ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தாள்.

"உங்க வீட்டுல யாராவது இன்னும் வந்து சேராம இருக்காங்களா?"

"என் வீட்டுக்காரர்," என்றாள் லொரெய்ன். "தீயணைப்புல இருக்கார். பாலத்துல நிக்கிறேன்னு காலையில செய்தி அனுப்பினார்."

பின்னால் நின்ற ப்ரையனா அப்படியே உறைந்துபோனாள்.

"அதுக்கப்புறம் ஏதாவது வந்துச்சா?" அந்தப் பெண் கேட்டாள்.

லொரெய்ன் வாயைத் திறப்பதற்குள் ப்ரையனா முன்னால் வந்து நின்றாள்.

"இனிமேதான் வரும்," என்றாள்.