புதன்கிழமை மழை

2061 மார்ச் 14, திங்கள்.

தவறு என்னுடையதுதான். டைரியில் தினமும் தானாக இயங்கத் தொடங்கும் தானெழுதி மென்பொருளைப் புதன்கிழமை அணைக்காமல் தூங்கிவிட்டேன். நான் எழுதாமல் விட்ட பக்கத்தை அது என் நடையிலேயே எழுதிவிட்டது. அது தெரியாமல் இன்று மாலை எழுத்து வகுப்பில் அதை வாசித்தேன். நான் வேலை செய்யும் பேட்டரி நிலையத்திலிருந்து மழையில் நனைந்தபடி வீடு திரும்பியதாக இருந்தது.

உடன் படிக்கும் ஆட்டோக்காரர் பஷீர் அண்ணன் சிரித்துவிட்டார்.

"ஏம்மா யாழினி, திருப்பூர்ல மழை பெஞ்சு மூணு மாசமாச்சே! உனக்கு மட்டும் தனியா பெஞ்சுச்சா?"

முப்பது நாளும் சொந்தமாக எழுதினால்தான் அடுத்த வகுப்பில் இடம். இன்று இருபத்தேழாம் நாள். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு, கீழே எழுதி, உரக்க வாசித்தேன்.

"புதன்கிழமை தோள் வலி. செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டேன்."

"செருப்போடவா?" என்றார் ஆசிரியை மரகதம். "மெஷின் உன்னை இப்படிக் காட்டிக்கொடுக்காது. சரி, கணக்குல சேத்துக்கறேன்."

பஷீர் அண்ணன்தான் ஆட்டோவில் வீட்டில் விட்டார். வழியெல்லாம் குடை வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

நாளை வேலை முடிந்து வந்ததும் தானெழுதியை அணைக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று வரி எழுத வேண்டும்.