அடியில் இருந்த பெயர்

எழுதியவர் யாரென்று ஒருவரும் கேட்பதில்லை, அடியில் இருக்கும் பெயரைத்தான் பார்க்கிறார்கள் என்று ஹரிப்ரியா நினைத்துக்கொண்டாள்.

நாவலூர் அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெஸ்ஸி, கம்ப்யூட்டரில் ஒரு மெயிலைக் காட்டினாள்.

"கொய்யா இலைக் கஷாயம் குடிச்சா நாப்பதே நாள்ல சுகர் போயிடுமாம்டி. அம்மாவுக்கு நாளையிலேர்ந்து இன்சுலின் ஊசியை நிறுத்தறேன். நீயும் ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்பு."

"யார் சொன்னது?"

"கீழ பாரு. ரவிச்சந்திரன், விஞ்ஞானி, கல்பாக்கம். உன்னை மாதிரி சந்தேகப் பிராணிக்குத்தான் பேரே போட்டிருக்காங்க!"

"அவர் வெல்டிங் ஆராய்ச்சி பண்ணவர். யாரோ எழுதின மெயிலை அவர் அனுப்பினாலும் அடியில அந்தப் பேர் தானா ஒட்டிக்கும்."

"விஞ்ஞானி விஞ்ஞானிதானே? அவரே குடிச்சிருந்தா நம்புவியா?"

"குடிச்சார். ஊசியை நிறுத்தின பத்தொன்பதாம் நாள் செத்துட்டார்."

ஜெஸ்ஸியின் சிரிப்பு நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அப்பா. அந்தப் பேரை மெயில்ல ஒட்டற மாதிரி வெச்சுக் குடுத்தது நான்தான்."

சொல்லும்போது ஹரிப்ரியாவுக்கு அழுகைகூட வரவில்லை.

ஜெஸ்ஸி மெதுவாகக் கேட்டாள். "பேரை மட்டும் எடுத்துட்டு அனுப்பலாமா?"

"வாணாம் ஜெஸ்ஸி. அம்மாவுக்கு ஊசி போடு."