ஒரு வாய் டீ

சமூகப் பணியாளர் ரெஜினாவின் தோளில் குத்தியிருந்த கேமரா, பவுனம்மா வீட்டின் வறுமையை அளந்துகொண்டிருந்தது. சிவப்பு எரிந்தால் இலவச அரிசி தொடரும். பச்சை எரிந்தால் நின்றுவிடும்.

பவுனம்மா பக்கத்து வீட்டில் பால் கேட்டு வாங்கி டீ போட்டிருந்தாள். வந்தவர் ஒரு வாய் குடித்துவிட்டால், அந்த வீட்டில் மிச்சம் இருக்கிறதென்று கேமரா முடிவுகட்டும். இது தெரியாத பவுனம்மாவை ரெஜினா எச்சரிக்கவும் வழியில்லை, கேமராவுக்குக் காதும் உண்டு.

“குடிங்க மேடம், ஆறிடப் போவுது.”

“வேணாம்.”

“ஒரு வாயாச்சும்...”

“வேணாம்னா விடுங்களேன்!”

பவுனம்மா தம்ளரை இன்னும் அருகே நீட்டினாள். “எங்க வூட்ல குடிக்க மாட்டீங்களா?”

பச்சை மினுங்கத் தொடங்கியது. தூளியில் குழந்தை சிணுங்கியது.

“மாட்டேன்” என்றாள் ரெஜினா.

சிவப்பு எரிந்தது.

“அரிசிய வேற யார்கிட்டயாவது குடுத்தனுப்பு” என்று பவுனம்மா கதவைத் திறந்து பிடித்தாள்.