ஜாவாக் கரையில் ஒரு காணி

"கடற்கரைப் பக்கம் முழுக்க எனக்கு வேணும், தம்பி" என்றாள் சிவரூபினி.

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்தது காணி விற்கும் றமணனின் அலுவலகம். சுவரில் இருந்த பெரிய திரையில் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு, அதன் தெற்குக் கரையில் ஒரு சின்னக் கிராமம். தென்னைகள், வள்ளங்கள், காயப்போட்ட வலைகள், வரிசையாகத் தகரக் கூரைகள்.

றமணனுக்கு நம்ப முடியவில்லை. பத்துப் பேருக்குத் துண்டு துண்டாக விற்க நினைத்திருந்த நிலம் அது.

"நல்ல முடிவு அக்கா. அலைச்சறுக்கு விளையாட வெள்ளைக்காரர் வரத் தொடங்கீட்டினம். ரோட்டு வருது. பின்பக்கக் காணியிலை நாங்களே ஹோட்டல் கட்டப்போறம். அஞ்சு வருசத்திலை அந்த இடத்தின்ரை விலையைப் பிடிக்கேலாது."

"இந்த வீடுகள்?"

கேட்டது சிவரூபினி அல்ல. பக்கத்தில் இருந்த அவளுடைய மகள் தனுஷியா.

"வீடில்லைத் தங்கச்சி, கொட்டில். பத்தொன்பது மீன்பிடிக் குடும்பம் இருக்கினம். காணி ஜகார்த்தாவிலை உள்ள முதலாளி ஒருத்தற்றை. இவையளிட்டை ஒரு துண்டுக் கடிதாசியும் இல்லை. நோட்டீஸ் குடுத்தால் மூண்டு மாசத்திலை எழும்பிடுவினம்."

தனுஷியா தாயைப் பார்த்தாள். தாய் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"ஒரு விசயம் அக்கா. வெளிநாட்டுக்காரர் அங்கை காணியைத் தங்கடை பேரிலை எழுதேலாது. உள்ளூர் ஆள் ஒருத்தற்றை பேரிலைதான் எழுதவேணும். நம்பிக்கையான ஆள் என்னட்டை இருக்கு."

"வேண்டாம். உள்ளூர் ஆளை நானே பாக்கிறன். நான் சொல்லுற பேருக்கு எழுதிறதெண்டு ஒப்பந்தத்திலை போடுங்கோ."

"அதுக்கென்ன, போடுவம்."

படியிறங்கி ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்கு வந்ததும் தனுஷியா வெடித்தாள். அவள் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறவள். வாடகை வீட்டிலிருந்து யாரையாவது வெளியேற்ற வந்தால், அந்த வாசலில் பதாகையோடு நிற்கிறவள்.

"அம்மா, அந்தச் சனம் எங்கை போகும்?"

"சத்தம் போடாதை, சனம் பாக்குது."

"பாக்கட்டும். நீங்களும் அகதியாய் வந்தனீங்கள்தானே? உங்களுக்கு எப்பிடி மனம் வருது?"

சிவரூபினி பஸ் தரிப்பை நோக்கி நடந்தாள்.

அடுத்த மாதம், காணிக் காசுக்காகத் தன் இரண்டு சீலைக்கடைகளில் அப்டன் பார்க்கில் இருந்ததை விற்றாள். ஈஸ்ட் ஹாம் கடை ஒன்றுதான் மிச்சம். காணியைப் பார்த்துவரத் தனியாகவே போனாள். விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். திரும்பி வந்த பிறகும் இரண்டு பேரும் சரியாகக் கதைக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு போனில் மெசேஜ் அனுப்பிக்கொண்டார்கள்.

காணி எழுதும் நாள் வந்தது.

இங்கே வைக்க வேண்டிய சாட்சிக் கையெழுத்தை மகள்தான் வைக்க வேண்டும் என்று சிவரூபினி பிடிவாதமாக நின்றாள். தனுஷியா றமணனின் அலுவலகத்துக்கு வந்தாள். ஆனால் உட்காரவில்லை.

"நான் வைக்கமாட்டன். அதை நேரை சொல்லத்தான் வந்தனான்."

"சரி. கொஞ்ச நேரம் நிண்டு பார். பிறகு உன்ரை விருப்பம்."

திரையில், காணி உறுதி எழுதும் ஜாவா நொத்தாரிசின் அலுவலகம் தெரிந்தது. அவர் ஒரு பெயரை வாசித்தார். தலையில் முக்காடிட்ட ஒரு பெண் வந்து கையெழுத்து வைத்தாள். அடுத்த பெயருக்கு, வெயிலில் கறுத்த ஒரு மனிதர். அடுத்த பெயருக்கு, கைக்குழந்தையோடு ஒருத்தி.

றமணன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அக்கா, ஒரு ஆள் எண்டெல்லோ நான் நினைச்சன். இது வரிசையாய் வருகினம்."

"பத்தொன்பது பேர், தம்பி. வீட்டுக்கு ஒராள். எல்லாரும் உள்ளூர்தான்."

"அந்தக் கொட்டில் சனமோ? அப்ப காணி அவையளுக்கே சொந்தமாய்ப் போயிடுமே."

"ஓம். அதுக்குத்தானே வாங்கினது."

"எங்கடை ஹோட்டலிலை இருந்து கடற்கரைக்குப் போற பாதை?"

"அவையளைத்தான் கேக்கவேணும்."

றமணன் அவசரமாக ஒப்பந்தத்தைப் புரட்டினான். அவள் சொல்லுகிற பேருக்கு எழுதுவது என்று தான் தட்டச்சுச் செய்த வரி அப்படியே இருந்தது. மெதுவாக மூடி வைத்தான்.

பத்தொன்பதாவது ஆள் கையெழுத்து வைத்து முடித்தபோது, திரைக்குள் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். பெண்கள் கமராவுக்கு முன்னால் நெருங்கி வந்து, "ரூபி, ரூபி" என்று கூப்பிட்டார்கள். சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

தனுஷியா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நீ அண்டைக்கே பேஸ்புக்கிலை போட்டிருப்பாய். இவர் வேறை ஆளுக்கு வித்திருப்பார்."

தனுஷியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளும் முகம் கொடுக்காமல் இருந்தது நினைவுக்கு வர, கண்ணும் கலங்கியது. பேனையை எடுத்துத் தன் கையெழுத்தை முழுப் பெயரோடு வைத்தாள்.

"ஆனால் அம்மா, உலகத்திலை எவ்வளவு சனம் இருக்கு. ஏன் இவையளுக்கு?"

சிவரூபினி திரையைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே சொன்னாள்:

"இருபத்தைஞ்சு வருசத்துக்கு முந்தி நாங்கள் அகதியாய் வெளிக்கிட்ட வள்ளம் உடைஞ்சு அந்தக் கரையிலை ஒதுங்கேக்கை, எங்களைத் தங்கடை வீட்டிலைதான் வைச்சிருக்கவேணும் எண்டு இந்தப் பத்தொன்பது வீட்டாரும் சண்டை பிடிச்சவை."